வியாழக்கிழமை உப்பு

வேலம்மாள் உப்பைக் கரைத்துத்தான் போடுவாள். பாக்கெட் உப்பானாலும் அப்படித்தான்.

பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலராகச் சேர்ந்து அவளுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் பதினேழு ஆண்டுகள் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. பாத்தியில் இறங்கி உப்பு வாரிக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவது. உப்பளத்து வீடுகளில் யாரும் உப்பை அப்படியே குழம்பில் போடுவதில்லை. பாத்தி உப்பில் மண் இருக்கும். காலையிலேயே கெட்டியாகக் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடித்து, அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள்.

சத்துணவுக்கு அரசு கொடுக்கும் உப்பு தூளாக, வெள்ளையாக, நெகிழிப் பாக்கெட்டில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் அதைக் கையில் கொட்டிப் பார்த்தாள்.

"கல்லு இல்ல. கட்டி இல்ல. மழைக் காத்துல கூட கசியல. இன்னாத்த கலந்தானுங்களோ."

கரைத்துப் பார்த்தாள். தூக்குவாளியின் அடியில் சாம்பல் போல ஏதோ படிந்தது. அதன்பிறகு அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பாக்கெட் உப்பைக் கரைத்து வடித்துத்தான் ஊற்றுகிறாள்.

அவள் எதையும் பார்க்காமல் ஏற்றுக்கொள்வதில்லை. முட்டை வந்து இறங்கினால் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பாள். அரிசி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடி அரிசியை எடுத்து முகர்வாள். காஸ் சிலிண்டரை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். உதவியாளர் மேரிசெல்வி கேட்பாள்: "ஏங்க்கா, உங்க வீட்டுக்காரர உங்களுக்குக் கட்டி வைக்கிறப்ப தண்ணில போட்டுப் பாத்தீங்களா?"

"பாக்காததாலதான இப்படி," என்பாள் வேலம்மாள்.

உப்பளத்தில் மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது மேஸ்திரி டிபன் கேரியரைத் திறந்து காட்டச் சொல்வான். கேரியரில் யாரும் உப்பு எடுத்துப் போனதில்லை. கேட்டால் அவனே அரைக்கூடை கொடுப்பான். ஆனாலும் தினமும் திறக்கச் சொல்வான். பதினேழு ஆண்டுகள் அவள் திறந்து காட்டினாள். மற்றவர்களும் தன்னிடம் திறந்து காட்டவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவளுக்குள் ஏறியிருக்க வேண்டும்.

சமையல் கூடத்துக்கு எதிரே பத்தாம் வகுப்பு. இடையில் பத்தடி மணல். சன்னல் வழியாகப் பாடம் முழுவதும் கேட்கும். உயிரியல் எடுப்பவர் சித்தார்த்தன். வானூர்ப் பக்கத்தவர், பைக்கில் வந்துபோகிறார். வந்து இரண்டு ஆண்டுகள்தான். அவரும் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. வீட்டுப்பாடம் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு நோட்டுகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கழிப்பறைக்குப் போனவன் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார். இந்த ஒற்றுமையால் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது.

அந்த வாரம் செல் சுவாசம் நடந்துகொண்டிருந்தது.

"எலக்ட்ரான இழந்தா ஆக்சிஜனேற்றம். வாங்கிக்கிட்டா ஒடுக்கம். ஒருத்தன் இழக்காம இன்னொருத்தன் வாங்க முடியாது. ரெண்டும் சேர்ந்துதான் நடக்கும்."

தமிழ்நிலா என்ற பெண் எழுந்தாள். "வாங்கிக்கிட்டா கூடத்தான சார் செய்யும்? அதுக்கு எப்படி ஒடுக்கம்னு பேரு?"

"எலக்ட்ரானுக்கு மின்சுமை மைனஸ். மைனஸ் உள்ள வந்தா சுமை குறையும். அதான் ஒடுக்கம்."

"கடன் வாங்கினா கையில காசு இருக்கும், ஆனா ஆளு ஒடுங்கிடுவான். அப்படியா சார்?"

வகுப்பு சிரித்தது. சித்தார்த்தன் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. "நீ தின்ற சோத்துல இருக்கிற சர்க்கரை எலக்ட்ரான இழந்துக்கிட்டே வருது. கை மாறிக் கை மாறிப் போவுது. கடைசியில அத வாங்கிக்க ஒரு ஆள் வேணும். அதுதான் ஆக்சிஜன். வாங்கிக்கிட்டுத் தண்ணியாயிடும். நீ மூச்சு விடறது அந்தக் கடைசி ஆளுக்காகத்தான்."

வேலம்மாள் வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "யாரு எடுத்தா, யாரு வாங்கினான்னு பாத்துக்கினே இருக்கறதுதான் போல இவரு படிப்பு," என்றாள் மேரிசெல்வியிடம்.

வியாழக்கிழமை மாணவர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பொட்டலம் உப்பு கொண்டுவந்திருந்தார்கள். சித்தார்த்தன் கையில் ஒரு சிறிய புட்டி. அயோடின் சேர்த்த உப்பா என்று பார்க்கும் திரவம்.

"இதுல அயோடைடு, ஸ்டார்ச்சு, கொஞ்சம் அமிலம் இருக்குது. கடை உப்புல இருக்கிறது அயோடேட்டு. அயோடேட்டு அயோடைடுகிட்டேர்ந்து எலக்ட்ரானப் பிடுங்கும். ரெண்டும் அயோடினா மாறும். அது ஸ்டார்ச்சோட சேர்ந்தா நீலம். நீலம் வரலன்னா அயோடின் இல்ல. இல்லன்னா கழுத்துல தைராய்டு வீங்கும்."

முப்பத்தொரு பொட்டலங்களில் பதினெட்டு நீலமாகவில்லை. அந்தப் பதினெட்டும் உப்பளத்து வீடுகள். பாத்தியிலிருந்து நேராகச் சமையலறைக்கு வந்த உப்பு. பையன்கள் ஒருவன் கழுத்தை ஒருவன் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம ஸ்கூல் உப்பு, சார்?" என்றாள் தமிழ்நிலா.

அவளே ஒரு டம்ளருடன் எதிரே ஓடினாள். மேரிசெல்வி தூக்கிலிருந்து இரண்டு கரண்டி உப்புத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வேலம்மாள் அப்போது முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அன்று எலுமிச்சை சாதம். வகுப்பறை வரை எலுமிச்சை வாசனை.

சித்தார்த்தன் மூன்று சொட்டு விட்டார். தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னும் மூன்று விட்டார். அப்படியே இருந்தது.

அவர் டம்ளரைச் சன்னல் பக்கம் வைத்து ஒரு படம் எடுத்தார். ஆய்வக நோட்டில் தேதி போட்டு எழுதினார்: சத்துணவுக்கூட உப்பில் அயோடின் இல்லை.

மாலை நான்கு மணிக்குத் தலைமையாசிரியை விஜயலட்சுமி வேலம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். சத்துணவு அமைப்பாளர் இடம் காலியாக இருந்ததால் சமையல் கூடமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மேசை மேல் செல்போனில் டம்ளர் படம்.

"அரசாங்க உப்பு எங்க போவுது, வேலம்மா?"

அவளுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் நின்ற சித்தார்த்தனைப் பார்த்தாள்.

"பாத்திலேர்ந்து சும்மா கிடைக்கிற உப்பத் தண்ணில கரைச்சி ஊத்திட்டு, பாக்கெட்ட வெளிய குடுக்கறீங்க," என்றார் அவர். "கரைக்கிறதே அதுக்குத்தான். கரைச்சிட்டா எந்த உப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"வெளியன்னா எங்க சார்? உப்பளத்து ஊர்ல உப்ப எவன் வாங்குவான்? இங்க உப்பு வாங்கினேன்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

"பாண்டியில வாங்குவாங்க."

"நான் பாண்டி போயி ரெண்டு வருசம் ஆவுது."

"போறவங்க நிறைய பேரு இருக்காங்க."

தலைமையாசிரியை கையை உயர்த்தினார். "நான் இத மேல எழுதணும். எழுதினா உன்ன நிறுத்திட்டுத்தான் விசாரிப்பாங்க. திங்கக்கிழம வரைக்கும் பாக்கறேன். என்ன நடந்ததுன்னு நீயே சொல்லிடு."



வெள்ளிக்கிழமை காலை அவள் புதுப் பாக்கெட்டை வெட்டி உப்பைக் கரைத்து வடித்தாள். அன்று சாம்பார். டம்ளரில் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள். "இத இப்ப பாருங்க சார்."

சித்தார்த்தன் ஒரு சொட்டு விட்டார். நீலம். மை கொட்டியது போல நீலம்.

வேலம்மாள் மூச்சு விட்டாள். அவர் டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"இன்னிக்குச் சரியான உப்புப் போட்டிருக்கீங்க. அதான் நான் சொல்றதும். நேத்து இல்லாதது இன்னிக்கு எங்கேர்ந்து வந்தது?"

டம்ளர் இப்போது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. திரும்பி வரும்போது மணலில் அந்த நீலத்தைக் கொட்டினாள்.

வீட்டில் கணவன் கன்னியப்பனிடம் சொன்னாள். அவன் இன்னும் உப்பளத்தில்தான் கூலிக்குப் போகிறான். காலில் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கேட்டான். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"எடுத்தியா, இல்லியா? எங்கிட்ட மட்டும் சொல்லிடு."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

சனிக்கிழமை முழுவதும் அவள் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டாள். மேரிசெல்வி. டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான். வேலம்மாள் போனால் சமையலர் இடம் அவளுக்கு வரும். தமிழ்நிலா. அந்தப் பெண்ணின் சித்தப்பா பஞ்சாயத்தில் செல்வாக்குள்ளவர், இந்த வேலைக்குத் தன் ஆளைக் கொண்டுவரப் பார்ப்பவர். சித்தார்த்தன் கையிலிருந்த புட்டி. வியாழக்கிழமை புட்டியும் வெள்ளிக்கிழமை புட்டியும் ஒன்றுதானா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாலையில் மேரிசெல்வி வீட்டுக்கே போய்விட்டாள். மேரிசெல்வி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு வந்தப்ப நீ எதிலேர்ந்து ஊத்துன?"

"தூக்குலேர்ந்துதான்க்கா. வேற எதுல இருக்குது உப்புத்தண்ணி?"

"தூக்குல வேற எதனா இருந்துதா?"

மேரிசெல்வி கிரைண்டரை நிறுத்தினாள். "ஏங்க்கா, என்ன சந்தேகப்படறீங்களா? நான் வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணவா?"

"சத்தியம் வேணாம். வியாழக்கிழம காத்தால நாம இன்னா இன்னா பண்ணோம், வரிசையா சொல்லு."

"நீங்க உப்பு கரைச்சீங்க. வடிச்சீங்க. நான் வெங்காயம் உரிச்சேன். அப்புறம் நீங்க அடுப்ப பத்த வச்சீங்க. இல்ல, அதுக்கு முன்னாடி ஏதோ பண்ணோம். எனக்கு ஞாபகம் இல்லக்கா. தெனமும் பண்றது யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

அதுதான் வேலம்மாளுக்கும் தோன்றியது. தினமும் செய்வதைக் கைதான் நினைவில் வைத்திருக்கும். வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது விடுபடும். அவள் வரும் வழியில் கடைத்தெருவில் நின்று எலுமிச்சம்பழம் வாங்கினாள்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குத் தலைமையாசிரியை வந்ததும் வேலம்மாள் சொன்னாள்: "வியாழக்கிழம செஞ்சத அப்படியே இன்னொரு தபா செய்யறேன். நீங்களும் வாங்க. சாரையும் அந்த பாட்டிலோட வரச் சொல்லுங்க. நான் ஒண்ணொண்ணு செஞ்சதும் அவரு ஒரு சொட்டு விடணும்."

"ஒவ்வொரு தடவையுமா?" என்றார் சித்தார்த்தன்.

"ஆமாங்க. எங்க மாறுதுன்னு எனக்கும் தெரியணும். உங்க பாட்டில் மேலயும் எனக்கு நம்பிக்க இல்ல."

தலைமையாசிரியை வாயில் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மூவரும் சமையல் கூடத்தில் நின்றார்கள். மேரிசெல்வி சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு. வேலம்மாள் பாக்கெட்டின் ஒட்டு முனையை இருவருக்கும் காட்டிவிட்டு வெட்டினாள். ஒரு சிட்டிகை தட்டில் வைத்தாள்.

"விடுங்க."

நீலம்.

வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு விடச் சொன்னாள். நிறமில்லை. உப்பைக் கொட்டிக் கலக்கினாள். ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். நீலம். அந்தக் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுத் துணியில் வடித்து, வேறு கரண்டியில் மொண்டாள். கரண்டியை நீட்டினாள். நீலம்.

"போதுமே," என்றார் சித்தார்த்தன். "இது வெள்ளிக்கிழம பாத்ததுதான்."

"இருங்க சார். இன்னும் அடுப்பே பத்த வைக்கல."

அவள் கை தானாகப் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தது. அரிவாள்மணையில் இரண்டு இரண்டாக நறுக்கி, தூக்கின் மேலேயே வடிகட்டியைப் பிடித்துப் பிழிந்தாள். எலுமிச்சை சாதத்துக்கு அவள் சாற்றைத் தனியே வைப்பதில்லை. நூற்றெண்பது பேர் சோற்றில் ஓர் இடத்தில் புளிக்கும், ஓர் இடத்தில் உப்பே இருக்காது. உப்புத்தண்ணீரிலேயே பிழிந்து ஒன்றாக ஊற்றினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்கும். உப்புத்தண்ணீர் வைக்காத வீட்டில் இப்படிச் செய்ய வழியே இல்லை.

கரண்டியை நீட்டினாள். சித்தார்த்தன் உடனே சொட்டு விடவில்லை. கரண்டியையும் தரையில் கிடந்த எலுமிச்சைத் தோலையும் பார்த்தார். பிறகு விட்டார். நிறமில்லை. அவர் புட்டியை மூடினார்.

வேலம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சார்?"

அவர் முன்பு நீலமாகி ஓரமாக வைத்திருந்த கரண்டியை எடுத்தார். அதில் பிழிந்த பழத்தின் மூடியை அழுத்தி இரண்டு சொட்டு விட்டார். கரண்டியை ஆட்டினார். நீலம் வெளுத்தது. அதன்பிறகு இல்லை.

"எலுமிச்சையில வைட்டமின் சி இருக்குது," என்றார் மெதுவாக. வகுப்பில் பேசும் குரல் இல்லை. "அது எலக்ட்ரானக் குடுத்துடும். நீலமா இருந்த அயோடின் அத வாங்கிக்கிட்டு மறுபடியும் அயோடைடு ஆயிடும். அயோடைடுக்கு நிறமில்ல. ஒடுக்கம். போன வாரந்தான் நடத்தினேன்."

"அப்ப உப்புல இருந்தது போச்சா?"

"போகல. உருவம் மாறி அதுலயேதான் இருக்குது. புள்ளைங்க சாப்ட்டா உடம்புக்குப் போய்ச் சேரும். எங்க சோதனைக்கு மட்டும் தெரியாது."

வேலம்மாள் தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் சொல்வதை அவள் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. "அவங்க கழுத்து வீங்காதுல்ல?"

"வீங்காது."

தலைமையாசிரியை நிம்மதியாகப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, விடு வேலம்மா. நான் மேல எதுவும் எழுதல. மணி ஒம்பதரை. போய் அரிசி போடு."

"அரிசி போடறேன் டீச்சர். சார் நோட்டுல எழுதி வச்சாரே, அது அப்படியேதான இருக்குது?"

"அது ஆய்வக நோட்டு."

"நாளைக்கு நீங்க மாறிப் போயிடுவீங்க. சாரும் போயிடுவாரு. வர்றவங்க நோட்டப் பொரட்டுவாங்க. அதுல நான் திருடின்னு இருக்கும்."

"திருடின்னு நான் எழுதல," என்றார் சித்தார்த்தன்.

"இல்லன்னு எழுதியிருக்கீங்க. இல்லன்னா எங்க போச்சுன்னு அடுத்தவன் கேப்பான். நீங்க கேட்ட மாதிரி."

அவர் பத்தாம் வகுப்புக்குப் போய் நோட்டை எடுத்துவந்தார். சமையல் கூடத்துத் தகர மேசையில் வைத்து, வியாழக்கிழமைக் குறிப்பின் கீழே எழுதினார். எழுதி அவள் பக்கம் திருப்பினார். வேலம்மாள் படித்தது எட்டாம் வகுப்பு வரை. எழுத்தின் கீழ் விரலை ஓட்டிப் படித்தாள். மறு ஆய்வில் குறை ஏதும் காணப்படவில்லை.

விரல் கடைசிச் சொல்லில் நின்றது.

"காணலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. குறை இல்லன்னுதான் அர்த்தம்."

"வியாழக்கிழமையும் நீங்க காணலதான சார்? காணல, அதனால இல்லன்னீங்க. இருந்துது. இப்பவும் நீங்க காணாத திருட்டு ஒண்ணு இருக்கலாம்னு படிக்கறவன் நினைப்பான்."

மேரிசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

சித்தார்த்தன் பேனாவைத் திறந்தார். எழுதியதை ஒரே கோடாக அடித்தார். அடித்ததும் படிக்கும்படியே இருந்தது. கீழே எழுதினார்:

வியாழக்கிழமை உப்பில் அயோடின் இருந்தது. அது அரசு உப்புதான். உப்புக் கரைசலில் எலுமிச்சைச் சாறு கலந்திருந்ததால் நிறம் வரவில்லை. கரைசலில் என்ன கலந்திருக்கிறது என்று சமையலரிடம் நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.

கையெழுத்தும் தேதியும் போட்டார்.

வேலம்மாள் படித்தாள். முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தாள். பிறகு நோட்டைத் தலைமையாசிரியை பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் போட்டுடுங்க டீச்சர். சீலும் வையுங்க."

"சீல் எதுக்கு இதுக்கெல்லாம்?"

வேலம்மாள் நகரவில்லை. உலை வைக்காத அடுப்பு அவள் பின்னால் குளிர்ந்து கிடந்தது. தலைமையாசிரியை மேரிசெல்வியை அனுப்பித் தன் மேசையிலிருந்து முத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். மைப்பெட்டி காய்ந்திருந்தது. குழாயில் விரலை நனைத்து அதில் தேய்த்து, முத்திரையை அழுத்தி எடுத்தார். பள்ளியின் பெயரில் பாதிதான் விழுந்தது.

வேலம்மாள் குனிந்து பார்த்தாள்.

"சரியா விழல டீச்சர். இன்னொரு தபா."

தலைமையாசிரியை சித்தார்த்தனைப் பார்த்தார். அவர் நோட்டின் ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார். இரண்டாவது முத்திரை முழுதாக விழுந்தது. வேலம்மாள் மை காயும் வரை நின்றாள். விரல் நுனியால் தொட்டு, ஒட்டவில்லை என்று பார்த்தபிறகு அரிசியை அளக்கப் போனாள்.